மகளே, ஒன்பதாம் தாள் என்னிடம்தான் இருந்தது

மகளே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது நடக்கிறது, உயர்நிலை நான்கில் படிக்கிறேன். உன் அப்பா யார் என்றுகூட எனக்குத் தெரியாது. நீ மகனாகப் பிறந்திருந்தால் மேலே உள்ள சொல்லை அடித்துவிட்டு ‘மகனே’ என்று எழுதிக்கொள். நீ வளர்ந்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளில் இதை உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். பிள்ளைகள் கிளம்பும்போது பெற்றோர் கடிதம் எழுதுவார்கள் என்று நூலகப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். அந்தக் கடிதங்களில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. எழுதுகிறவர்கள் அதற்குள் ஐம்பது வயதைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளும் தவறுகள் எல்லாம் நன்றாக ஆறிப்போனவை. யாருக்கும் இனி வலிக்காது என்று தெரிந்த பிறகு எடுத்து வைப்பவை. என் தவறு நடந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது எனக்கே மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெற்றோர் மறந்துவிடுவார்கள் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். ஒன்பது வயதில் நான் ஒரு நீல அட்டை நோட்டில் கதைகள் எழுதிவந்தேன். ஒருநாள் காராங்கூனிக்காரர் பழைய பேப்பர் வாங்க ஹாரனை அழுத்திக்கொண்டே எங்கள் தளத்துக்கு வந்தார். அம்மா செய்தித்தாள் கட்டைக் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிக் கொடுத்தார். கட்டின் நடுவில் நீலமாக ஒரு விளிம்பு தெரிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும், அது என்னுடையதாக இருக்காது என்று நின்றுவிட்டேன். சாயங்காலம் தேடிவிட்டு அம்மாவிடம் கேட்டேன். “நீல நோட்டா? அப்படி ஒரு நோட்டே நம்ம வீட்ல இல்லையே லா” என்றார். அழுதேன். “இல்லாத நோட்டுக்கு ஏன் இப்படி அழுவுற?” என்றார். அம்மா கெட்டவர் இல்லை. தவறு செய்துவிட்ட எரிச்சலில் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு நான் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டில் எது இருந்தது, எது இல்லை என்று சொல்லும் அதிகாரம் பெரியவர்களிடம் இருக்கிறது. எதிர்த்துக் கேட்க வேண்டுமென்றால் நம் கையில் ஏதாவது தாள் இருக்க வேண்டும்.

இனி ஹரிணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயரை எழுதும்போதே பேனாவை அழுத்துகிறேன், பார். போன வருடம் அவள் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. அவள் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளியில் தமிழ் என்றால் நான்தான். தமிழாசிரியை ஏதாவது கேட்டுவிட்டு, வேறு யாரும் கை தூக்குகிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வருவார். அந்தக் கடைசிப் பார்வைக்காகவே நான் பள்ளிக்குப் போனேன் என்று சொன்னால் மிகையில்லை. ஹரிணி வந்த இரண்டாவது வாரத்தில் அந்தப் பார்வை என்னைத் தாண்டி இரண்டு மேசை பின்னால் போய்விட்டது. நான் புத்தகத்தில் தேடித் தேடிச் சேர்த்த சொற்களை அவள் ரீசஸ் இடைவேளையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். நான் மேடையில் பேசினால் மனப்பாடம் என்று தெரியும். அவள் பேசினால் அவளுக்கு அப்போதுதான் தோன்றியது போல இருக்கும். பெற்றோர் சந்திப்புக்கு வந்த என் அம்மாவே, “அந்தப் பொண்ணு பேசுறத கேட்டியா? என்னா தமிழ் லா!” என்று லிஃப்ட்டில் ஏழு மாடி ஏறும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். நான் லிஃப்ட்டின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு நடுவில் பள்ளியில் தாய்மொழி இருவாரக் கொண்டாட்டம் வந்தது. இந்த ஆண்டு பேச்சுப்போட்டிக்குப் பதில் மாதிரி நாடாளுமன்றம் என்று ஆசிரியை அறிவித்தார். அவரே ஒரு நாட்டைக் கற்பனை செய்து, பவளத் தீவு என்று பெயர் வைத்திருந்தார். அங்கே துறைமுகக் காவல் நிலையத்தில் மூன்று பேரைக் குற்றச்சாட்டு எதுவும் பதிவு செய்யாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரே சாயங்காலத்தில் மூன்று பேருக்கும் கைவிரல்கள் முறிந்திருக்கின்றன. நாடாளுமன்றம் ஒரு குழுவை அமைத்து, சிறைத்துறை இயக்குநரைக் கூப்பிட்டு விசாரிக்கிறது. குழுவின் தலைவராக ஒருவர், இயக்குநராக ஒருவர், மற்றவர்கள் உறுப்பினர்கள். நன்றாகச் செய்பவர் பள்ளிகளுக்கிடையிலான இறுதிச் சுற்றுக்குப் போவார். தலைவர் பாத்திரம் எனக்குத்தான் வரும் என்று முதல் கேள்வியை நான் அன்றே மனதுக்குள் எழுதிவிட்டேன். ஆசிரியை ஹரிணியைத் தலைவர் என்றார். என்னைப் பார்த்து, “நீ இயக்குநர். உனக்குத்தாம்மா அந்தப் பொறுமை இருக்கு” என்றார். எல்லாருடைய கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் மாட்டிக்கொள்கிற பாத்திரம் அது.

விதிமுறைகளைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. குழுவால் யாரையும் தண்டிக்க முடியாது. சிறைக் கதவைத் திறந்துவிடவும் முடியாது. அது செய்யக்கூடியவை மூன்றுதான். கேள்வி கேட்கலாம், அரசாங்கத்தின் தாள்களைக் கேட்டு வாங்கலாம், பதிலைப் பதிவு செய்யலாம். இவ்வளவுதானா என்று நினைத்தேன். இயக்குநரின் கோப்பில் பன்னிரண்டு தாள்கள். குழுவிடம் அவற்றின் பட்டியல் மட்டும் இருக்கும். தலைவர் எண்ணைச் சொல்லிக் கேட்டால் இயக்குநர் அந்தத் தாளை மேசைமேல் வைக்க வேண்டும். வைத்த தாளைப் பற்றித்தான் குழு கேட்கலாம். மூன்றாம் தாள் காவல் நிலையத்தின் அறிக்கை. மூன்று பேரும் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள் என்றது அது. ஒன்பதாம் தாள் மருத்துவரின் பதிவேட்டுப் பக்கம். காயங்கள் விழுந்ததால் ஏற்பட்டவை அல்ல, விரல்கள் ஒவ்வொன்றாக வளைக்கப்பட்டிருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. மூன்றும் ஒன்பதும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் இயக்குநருக்குப் பேச ஒன்றும் இருக்காது.

கோப்பைப் பிரதி எடுக்க ஆசிரியை ஹரிணியைத்தான் அனுப்பினார். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் அவள் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். “பன்னிரண்டும் இருக்கு, எண்ணிக்கோ. நாளைக்கு உன்ன விடப் போறதில்ல, பாத்துக்கோ” என்று சிரித்தாள். அது விளையாட்டுச் சிரிப்புதான். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது என் நான்கு வருட உழைப்பையும் பார்த்துச் சிரித்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன், ஒன்பதாம் தாளை உருவினேன், என் தமிழ் அகராதிக்குள் வைத்து மூடினேன். கை நடுங்கியது என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. உருவிய இடம் தெரியாமல் மற்ற தாள்களைத் தட்டிச் சமமாக அடுக்கவும் செய்தேன்.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் பெற்றோர்கள், உறவினர்கள் என்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஹரிணி வெள்ளைச் சட்டையில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் என் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் மூன்றாம் தாளைக் கேட்டாள், வைத்தேன். “மூவருக்கும் காயம் எப்படி ஏற்பட்டது, இயக்குநரே?” என்றாள். “குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள், தலைவர் அவர்களே.” “மூன்று பேருமா?” என்று கேட்டாள். இந்த இடத்தில் கோப்பில் இல்லாத ஒன்று எனக்குத் தோன்றியது. “ஒரே குளியலறை, தலைவர் அவர்களே. ஒரே சோப்பு.” மண்டபம் வெடித்துச் சிரித்தது. நான் மனப்பாடம் செய்யாமல் மேடையில் சொன்ன முதல் வாக்கியம் அது. அவளுக்கு மட்டும்தான் அப்படிப் பேச வரும் என்று நினைத்திருந்தேனே, எனக்கும் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறியது. ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை ஒரு கணம் கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பியது. “ஒன்பதாம் தாளை மேசைமேல் வையுங்கள்” என்றாள். குரல் சற்று இறங்கியிருந்தது. நான் கோப்பை மெதுவாகப் புரட்டினேன், கடைசித் தாள்வரை புரட்டினேன். “அப்படி ஒரு தாள் எங்கள் கோப்பில் இல்லை, தலைவர் அவர்களே” என்றேன். பட்டியலில் இருக்கிறதே என்றாள். “பட்டியல் தயாரித்தவரைத்தான் கேட்க வேண்டும்” என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகளுக்குக் கால் இல்லை. எழுந்து நின்று கேட்டுப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

நடுவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நடுவர், “தாளைக் கொடுக்காமல் சமாளித்த உத்தி, அதிகாரிகளை அப்படியே கண்முன் நிறுத்தியது” என்று பாராட்டினார். நான் செய்த திருட்டை நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. கீழே இறங்கியதும் மெலிந்த ஒருவர் என்னை நோக்கி வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. வலது கையைப் பேன்ட் பையிலேயே வைத்திருந்தார். “நல்லா பேசுனீங்கம்மா” என்றார். “அப்படியே இருந்துச்சு. அவரும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.” யார் சொன்னார் என்று கேட்பதற்குள் ஹரிணி வந்து, “வாங்க சித்தப்பா, பஸ் போயிடும்” என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. தோற்ற கோபம் என்று நினைத்து எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியை ஒன்பதாம் தாளைப் பற்றிக் கேட்டார். நான் கேள்விக்கு எழுந்து நிற்கத் தயாராக இருந்தேன். அவரோ ஹரிணியைப் பார்த்தார். “பிரதி எடுத்தது நீதானேம்மா? ஒரு தாள விட்டுட்டியே. உன் கவனக்குறைவுக்கு நீயே மாட்டிக்கிட்ட, பாரு” என்றார். “இல்ல டீச்சர், பன்னிரண்டும் இருந்துச்சு. எண்ணிப் பாத்துத்தான் கொடுத்தேன்” என்றாள் ஹரிணி. “அப்போ தாள் பறந்து போச்சா?” வகுப்பு சிரித்தது. இனி பொறுப்பான வேலை எதையும் அவளிடம் கொடுப்பதற்கு யோசிக்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னது விளையாட்டாகவா, நிஜமாகவா என்று தெரியவில்லை. நான் வாயைத் திறந்தால் போதும், ஒரு வாக்கியம். என் மேசையில் பென்சில் கீறல் ஒன்று இருந்தது. அதை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் பவளத் தீவின் இயக்குநர் எனக்கு நன்றாகப் புரிந்தார். அவர் பெரிய அரக்கனாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர்மேல் பழி விழும்போது குனிந்துகொண்டு எதையாவது அழித்துக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நானும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குத் தோசை சாப்பிடப் போனோம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா உனக்குத் தெரிந்திருக்கும். விடுதிகளிலிருந்து வரும் தொழிலாளர்கள் நடைபாதை முழுக்க நிற்பார்கள், எந்த மேசையும் காலியாக இருக்காது. ஒரு மேசையில் ஹரிணியும் அவள் சித்தப்பாவும் இருந்தார்கள். நான் திரும்பிவிடப் பார்த்தேன். அம்மா அதற்குள், “அட, நம்ம தமிழ்ப் பொண்ணு!” என்று போய் எதிரில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை என்றார். அவர் இடது கையால் கரண்டி பிடித்துத் தோசையை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோசையைக் கரண்டியில் சாப்பிடுகிற பெரிய மனிதரா என்று நினைத்தேன். பிறகு வலது கை மேசைக்கு மேலே வந்தது. நடு இரண்டு விரல்கள் மடங்கவில்லை, குச்சி போல நீட்டிக்கொண்டிருந்தன.

என் அம்மாவுக்கு எதையும் கேட்காமல் இருக்க வராது. “கையில என்னா தம்பி, வேலையில அடிபட்டுச்சா?” என்றார்.

“இல்லக்கா, ஊர்ல. ஸ்டேஷன்ல.” அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “வண்டி திருட்டுன்னு கூட்டிட்டுப் போனாங்க. என் வண்டியவே நான் திருடிட்டேன்னு. அப்புறம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிட்டாங்க.” என்னைப் பார்த்துச் சிரித்தார், கொஞ்சம்கூடக் குத்தல் இல்லாமல். “பாப்பா அன்னைக்கு மேடையில சொன்னுச்சே, அதேதான்.”

நான் இங்கே பிறந்தவள். ஆசிரியையின் மூன்றாம் தாளில் இருந்த அந்த வாக்கியம் எனக்குக் கற்பனை நாட்டின் கற்பனை வாக்கியம். தமிழ்நாட்டில் அதைச் செய்தியில் படிக்கிற யாருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமாம். எங்கள் மண்டபம் அதற்குச் சோப்புப் போட்டுச் சிரித்திருக்கிறது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் புரியாமல்தான் பார்த்தார், ஆனால் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்ட பார்வை.

“யாரும் கேக்கலையா தம்பி?” என்றார் அம்மா.

“கேட்டாங்கக்கா. கொஞ்ச நாள் கழிச்சு சட்டசபையிலருந்து ஒரு குழு வந்துச்சு. அதுல ஒரு அம்மா, மெம்பரு, ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர கொண்டாங்கன்னு கேட்டாங்க. அப்படி ஒண்ணு இல்லீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு ஆபீசரு. அந்தம்மா விடல. என்னப் பாத்து, கைய நீட்டுங்கன்னாங்க. நீட்டுனேன். எல்லாரும் பாக்குற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருக்கச் சொன்னாங்க. எழுதிக்கிட்டாங்க.” அவர் தண்ணீர் குடித்தார். “அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்கல. ஆனா கேட்டாங்கல்ல? அதுவரைக்கும் என் கைய பாத்தவன் எல்லாம் வேற எங்கயாச்சும் பாத்துக்கிட்டுத்தான் பேசுவான்.”

ஹரிணி ஏன் அந்தத் தலைவர் நாற்காலியை அவ்வளவு விரும்பினாள், அவர் ஏன் ஓய்வு நாளை மாற்றிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிந்தவுடன் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நான் பொய் எழுத மாட்டேன். முதலில் வந்ததும் பொறாமைதான். அவளுக்குத் தமிழ் மட்டும் இல்லை, ஒரு காரணமும் இருக்கிறது, எனக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது என்று பொறாமைப்பட்டேன். அப்படிப்பட்ட சித்தப்பா எனக்கு இல்லையே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். முறிந்த ஒரு கையைப் பார்த்து அப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்றால், நினைப்பாள். உன் அம்மா நினைத்தாள். உனக்கும் என்றைக்காவது அப்படி ஒன்று தோன்றினால் நீதான் உலகத்தில் முதல் கெட்டவள் என்று பயப்படாதே. தோன்றியதற்குப் பிறகு என்ன செய்கிறாய் என்று பார்.

கை கழுவும் இடத்துக்கு நான் போனேன், ஹரிணி பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, “ஒன்பதாம் தாள் எங்கடி?” என்றாள்.

“எனக்கு எப்படித் தெரியும்?”

“டைரக்டர் மாதிரி பேசாத. ஒங்கிட்ட இருக்கா, இல்லையா?”

“ஞாபகம் இல்ல.”

இவ்வளவுக்குப் பிறகும், மகளே, என் வாயிலிருந்து வந்தது அதுதான். அவர் கையைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் குழாயை மூடினாள். “சரி. ஞாபகம் இல்லன்னு சொன்னான்னு எழுதிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னது என்னை வீடுவரை துரத்தியது. கேட்பதும் எழுதிக்கொள்வதும் மட்டும்தானா என்று முன்பு ஏளனமாக நினைத்தேனே, அந்த இரண்டையும் யாராவது நம்மிடம் செய்தால்தான் அதன் கனம் தெரியும். வீட்டில் அகராதியைத் திறந்து தாளை எடுத்தேன். வெள்ளிக்கிழமை அதை எனக்கு ஆபத்தான தாளாக மட்டும் பார்த்திருந்தேன். இப்போதுதான் வரி வரியாகப் படித்தேன். ஆசிரியை மூன்று பேருக்கும் பெயர்கூட வைத்திருந்தார். அதை நான் கவனித்திருக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆசிரியையிடம் தாளை நீட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “இப்போ எதுக்கும்மா இது? உன் பேர அனுப்பியாச்சு. ஹரிணிகிட்ட தனியா ஒரு சாரி சொல்லிடு, போதும். சின்ன விஷயம்தானே” என்றார். அவர் நல்லவர், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அந்தக் கதவு வழியாக வெளியே போய்விட எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அவள்மேல் பழி விழுந்தது வகுப்புக்கு முன்னால். தனியாகச் சொல்லும் மன்னிப்பு எனக்கு மட்டும்தான் உதவும். “பத்து நிமிஷம் கொடுங்க டீச்சர். குழு மறுபடியும் கூடட்டும்” என்றேன். ஆசிரியை தாளை என் கையிலேயே திருப்பித் தந்தார். பிறகு வகுப்புக்குள் வந்து, தன் நாற்காலியை இழுத்து ஹரிணிக்குப் போட்டார்.

ஹரிணி உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள். “ஒன்பதாம் தாளை மேசைமேல் வையுங்கள்” என்றாள், சனிக்கிழமை சொன்ன அதே சொற்களில். வைத்தேன். “இது எத்தனை நாள் எங்கே இருந்தது?” “பத்து நாள், என் அகராதிக்குள், தலைவர் அவர்களே.” “யார் உத்தரவில் எடுத்தீர்கள்?” “யாரும் உத்தரவிடவில்லை.” “பின் ஏன் எடுத்தீர்கள்?” எத்தனையோ நல்ல சொற்கள் அகராதியிலிருந்து எழுந்து வந்தன. பதற்றம், குழப்பம், போட்டி மனப்பான்மை. அவளுடைய பேனா காத்துக்கொண்டிருந்தது. “பொறாமை, தலைவர் அவர்களே” என்றேன். பின் வரிசையில் யாரோ “வா லாவ்” என்று வியந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஹரிணி அதை எழுதினாள். மூன்று எழுத்து, அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. பிறகு, “பதில் பதிவு செய்யப்பட்டது. நீங்கள் போகலாம்” என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ரீசஸில் என் மேசைக்கு வருகிறாள், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று இருக்கிறேன்.

வீட்டிலும் சொன்னேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிறுத்தாமல் கேட்டார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். கடைசிக் காய் முடிந்ததும் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், “அந்த நீல நோட்டு அட்டையில மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சுல்ல?” என்றார். ஏழு வருடமாக எங்கள் வீட்டில் இல்லவே இல்லாத நோட்டுக்கு ஸ்டிக்கர் மட்டும் இருந்திருக்கிறது. நான் ஆமாம் என்றேன். அன்று எனக்கு மட்டும் இரண்டு கரண்டி பொரியல் அதிகமாக விழுந்தது.

ஆசிரியை பெயரை மாற்றி அனுப்பினார், இறுதிச் சுற்றுக்கு ஹரிணிதான் போனாள். நான் அவளுக்குப் பின்னால் கோப்புத் தூக்கும் செயலாளராகப் போனேன். கோப்பை நான்கு முறை எண்ணினேன். வேறு பள்ளி மாணவர் ஒருவர் அமைச்சராக வந்து, என்னைவிட நன்றாகவே சிரிக்க வைத்தார். மண்டபம் சிரித்தது. ஹரிணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை அமைதியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு அதே கேள்வியை, குரலை உயர்த்தாமல், இன்னொரு முறை கேட்டாள். சிரித்தவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. கடைசி வரிசையில் அவள் சித்தப்பா இருந்தார், இந்த முறை கை பைக்குள் இல்லை. அவளுக்கு முதல் பரிசு. நான் கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டும்போதே, காத்திருக்கலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை, அவளுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது என்று வயிறு எரிந்தது. தவறை ஒப்புக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று நீ எங்கேயாவது படித்தால் நம்பாதே. அது என்னோடு பஸ்ஸில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தது. ஆனால் ஒன்பதாம் தாள் அன்றைக்குக் கோப்பில் இருந்தது.

நீ இதைப் படிக்கும்போது நான் உனக்கு அம்மாவாகப் பல வருடம் இருந்திருப்பேன். நம் வீட்டில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லும் அதிகாரம் இவ்வளவு நாளும் என்னிடம் இருந்திருக்கும். ஏதாவது ஒன்றை உன்னிடமிருந்து மறைத்திருப்பேன். உன்மேல் பழியைப் போட்டுவிட்டு வேறு எங்கேயாவது பார்த்திருப்பேன். நான் அப்படிச் செய்யாத அம்மா என்று சத்தியம் செய்ய எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார்த்துவிட்டேன். அதனால் சத்தியத்துக்குப் பதிலாக ஒரு தாள் தருகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒன்பதாம் தாளை மடித்து வைத்திருக்கிறேன். ஹரிணி அதை எனக்குத் திருப்பிக் கொடுக்கும்போது கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்: பத்து நாள் தாமதமாகக் குழுவுக்குக் கிடைத்தது.

நான் உன்னிடம் என்றைக்காவது, அப்படி ஒன்று நம் வீட்டில் இல்லையே என்று சொன்னால், இதை மேசைமேல் வை. நான் சிரிப்பு காட்டினால் சிரிப்பு அடங்கும்வரை காத்திரு. ஞாபகம் இல்லை என்று சொன்னால் எழுதிக்கொள். பிறகு அதே கேள்வியை இன்னொரு முறை கேள்.

அம்மா